வேலைய மட்டும் இல்ல, முடிவையும் கொடுங்க

டீம்ல ஒருத்தர்கிட்ட வேலைய ஒப்படைக்கும்போதே, எது வரைக்கும் உங்களைக் கேக்காம அவரே முடிவு பண்ணலாம்னு ஒரு வரியில சொல்லிடுங்க. 'டெலிவரி 2 நாள் தள்ளிப்போனா நீங்களே கஸ்டமர்கிட்ட பேசிடுங்க, அதுக்கு மேல போனா மட்டும் என்கிட்ட வாங்க', இவ்ளோதான். நிறைய பேரு வந்து வந்து கேக்கறது பதில் தெரியாததால இல்ல, தப்பாயிட்டா திட்டு விழுமேன்னுதான், எல்லை தெளிவா இருந்தா அந்த பயம் போயிடும், உங்களுக்கும் சும்மா சும்மா போன் வராது, அவரும் தானா முடிவெடுத்துப் பழகிடுவார். ஆனா அவர் எடுத்த முடிவ எல்லார் முன்னாடியும் மாத்திடாதீங்க (நானே பண்ணியிருக்கேன்), மறுநாளே பழையபடி எல்லாத்துக்கும் உங்க டேபிள்கிட்ட வந்து நிப்பாங்க. புதுசா சேர்ந்தவங்களுக்கு இது சரிவராது, மொதல்ல கூட உக்காந்து சொல்லிக்கொடுங்க. சம்பளம், பாதுகாப்பு மாதிரி விஷயத்துலயும் வேண்டாம்.