மலைக்கு ஒரு விடியல், கடலுக்கு ஒரு விடியல்: நெல்லைச் சீமையில் படமெடுக்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

பாபநாசத்திலிருந்து உவரிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் கடற்கரைக்குப் போய்விடலாம், வழியெல்லாம் குளங்கள் வேறு. இந்தக் கணக்கை வைத்துத்தான் பலரும் "காலையில் மலை, மதியம் குளம், சாயங்காலம் கடல்" என்று திட்டம் போடுகிறார்கள். தூரத்துக்கு அது சரி. வெளிச்சத்துக்குச் சரிப்படாது.

இங்கே மலை மேற்கே, கடல் தென்கிழக்கே. உவரியில் சூரியன் கடலில் உதிக்கும். மறைவதோ நம் முதுகுக்குப் பின்னால், பனைமரங்களுக்கு அந்தப் பக்கம். சாயங்காலம் கடலைப் பார்த்து நின்றால் வெளிறிய சாம்பல் நீலம்தான் மிஞ்சும். மலைக்கும் காலைதான் நேரம். கிழக்கு வெயில் நேரே சரிவில் விழும்போது பாறை வேறு, காடு வேறு என்று பிரிந்து தெரியும். பிற்பகலில் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். நம்மைப் பார்த்திருக்கும் பக்கம் முழுக்க நிழல். ஆகவே, ஓர் இரவாவது தங்காமல் இரண்டும் கிடைக்காது.

அப்புறம் சாயங்காலத்தை எங்கே வைப்பது? குளத்தில் வையுங்கள். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், குளத்துக் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கும். கரைமேல் ஏறி நின்றாலே எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் மலைவரிசை, அதன் பின்னால் இறங்கும் சூரியன். படத்துக்காகவே வெட்டினாற்போல் இருக்கும். அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்தில் பெயர் தெரியாத ஒரு குளத்தங்கரை போதும். அருவிக்கு முன்னால் கூட்டத்தில் இடிபட்டு எடுக்கிற படத்தைவிட அது மேல் என்பது என் கட்சி.

அடுத்தது மாதக் கணக்கு. குற்றாலத்தில் சீசன் என்றதும் ஜூலையில் கிளம்பி, கூந்தன்குளத்தில் பறவை இல்லையே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. தென்மேற்குப் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டிவிட்டு இங்கே சாரலாகத்தான் எட்டிப் பார்க்கும். சமவெளிக் குளங்கள் பெரும்பாலும் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகை மழையில். தை, மாசியில் போனால் குளத்தில் தண்ணீர், வயலில் பிசானப் பருவ நெல், மரத்தில் பறவை என்று மூன்றும் சேர்ந்து கிடைக்கும். மேகமும் காற்றாலையும்தான் வேண்டுமென்றால் ஆடியில் பணகுடி, காவல்கிணறு பக்கம் போகலாம். ஆனால் அந்தக் காற்றில் வெட்டவெளியில் நின்று லென்ஸை மாற்றாதீர்கள். சென்சாரில் மணல் ஏறிவிடும்.

கூந்தன்குளம் 1994-இல் சரணாலயமானது. 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அறிவிப்புக்கெல்லாம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள் பறவைகளைக் காத்து வருகிறார்கள், தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. வீட்டோரத்து மரத்தில்கூட மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று இன்னும் நெருங்குவதுதான் தவறு. தாய்ப்பறவை பயந்து எழும்பினால் முட்டையைக் காக்கை கொண்டுபோகும், குஞ்சு வெயிலில் வாடும். பறக்கிற படம் வேண்டுமென்று கை தட்டுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? இன்னொன்று: வெயில் ஏறிய பிறகு பெரிய லென்ஸோடு போய்ப் பயனில்லை. தண்ணீருக்கு மேலே சூடான காற்று அலையும்போது எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் கலங்கலாகத்தான் எடுக்கும்.

மாஞ்சோலைக்கும் காரையாறுக்கும் யூடியூபில் பழைய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். இரண்டும் 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வருபவை. அனுமதி, நேரம், வண்டி விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். முந்தின நாளே வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது. ஆடி அமாவாசையை ஒட்டிக் காரையாறு பக்கத்துச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். திருவிழாப் படம் எடுக்கத்தான் போகிறீர்கள் என்றால் சரி, காட்டை எடுக்க அது நாளில்லை.

டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். காட்டுக்குள் அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது. காட்டைத் தாண்டினால் மகேந்திரகிரியில் இஸ்ரோ, விஜயநாராயணத்தில் கடற்படைத் தளம், கூடங்குளத்தில் அணுமின் நிலையம். மலைக்கும் கடலுக்கும் நடுவே இத்தனை இருக்கும்போது தெரியாமல் பறக்கவிட்டேன் என்று காவல் நிலையத்தில் சொன்னால் எடுபடாது. வேலிகளையும் வாசல்களையும் சும்மா ஒரு படம் என்றுகூட எடுக்க வேண்டாம்.

உவரியில் கப்பல் வடிவ மாதா கோயிலை எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். காலையில் வள்ளங்கள் கரையேறும் நேரம்தான் அங்கே உயிர். ஆனால் மீன் பிரிக்கிற இடம் அவர்களுக்கு வேலைத்தலம். "அண்ணாச்சி, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று முதலில் கேளுங்கள். வலை இழுக்கிறவர்களின் வழியில் டிரைபாடை ஊன்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்பதால் அந்த நாளைக் கடலுக்கு ஒதுக்க வேண்டாம்.

ஏசி காரிலிருந்து இறங்கிய கையோடு கேமராவை எடுத்தால் லென்ஸில் ஆவி படியும். அது விலகுவதற்குள் சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருக்கும். ஊருக்குள் நுழையும்போதே ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிடுங்கள். கடற்காற்றில் உப்பு படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் மணலைத் தட்டிவிட்டு, லேசாக ஈரப்படுத்திய லென்ஸ் துணியால் ஒற்றி எடுங்கள்.