ஒன்பது நாள் முன்னதாக ஊருக்கு

அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று தங்கை அழைத்தபோது சிங்கப்பூரில் இரவு 11 மணி. என் திருச்சி டிக்கெட்டுக்கு இன்னும் 9 நாள் இருந்தது. பதற்றத்தில் புது டிக்கெட் எடுக்கப் போனேன். அப்படிச் செய்யாதீர்கள். கையிலிருக்கும் டிக்கெட்டின் தேதியை மாற்ற எவ்வளவு என்று முதலில் பாருங்கள். மாற்றுக் கட்டணத்தோடு அன்றைய விலை வித்தியாசமும் சேரும். சில நாள் புது டிக்கெட்டே மலிவாக இருக்கும், அது வேறு கதை. முகவரிடம் வாங்கியிருந்தால் விமான நிறுவனம் பெரும்பாலும் அவரிடமே திருப்பிவிடும். என் முகவரோ நல்ல தூக்கத்தில் இருந்தார்.

திருச்சிக்கு இடமில்லையென்றால் மதுரை, சென்னை என்று தேடுங்கள். புது டிக்கெட் எடுத்தால், பழையதை அந்த விமானம் கிளம்புமுன் ரத்து செய்துவிடுங்கள்.

பெட்டி கட்டிக்கொண்டிருக்காதீர்கள். பாஸ்போர்ட், வேலை அனுமதி அட்டை, ஒரு மாற்றுடை போதும். கோடாலித் தைலமும் சாக்லேட்டும் அடுத்த முறை வரட்டும்.