கால் தளரும்போது விசில் தவறும்: ஞாயிற்றுக்கிழமை நடுவர்கள் தவிர்க்க வேண்டியவை

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஞாயிற்றுக்கிழமை கால்பந்துக்கு விசில் ஊதுகிறவர்களில் முழுநேர நடுவர் என்று யாரும் அநேகமாக இருக்க மாட்டார்கள். சனிக்கிழமை இரவு வரை பனியன் கம்பெனியில் நின்றவர், பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், விடியக்காலையில் பைக்கில் கிளம்பி வந்த பழைய ஆட்டக்காரர், இப்படித்தான். விதிகள் இவர்களுக்கு நன்றாகவே தெரியும். இருந்தும் சண்டையில் முடிகிற முடிவுகள் பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில், மூச்சு வாங்கும்போதுதான் வருகின்றன. களைத்தால் கால் மெதுவாகும் என்றுதான் நினைக்கிறோம். அதற்கு முன்பே கவனமும் பொறுமையும் குறைந்துவிடும். விசில் வைத்திருப்பவருக்கு அது தெரியாது, கோட்டுக்கு வெளியே நிற்பவர்களுக்குத் தெரியும்.

முதல் தவறு போனிலேயே நடந்துவிடுகிறது. "எல்லா மேட்ச்சும் நீங்களே பார்த்துருங்கண்ணா, வேற ஆளு கிடைக்கலீங்க" என்பார் போட்டி நடத்துகிறவர். நாமும் சரி என்றுவிடுவோம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டியில் ஒரு ஆட்டம் 40 நிமிடம்தான், ஆனால் 4 ஆட்டம் சேர்ந்தால் 160 நிமிடம். முழு ஆட்டமே 90 நிமிடம்தான். ஒரு அணி ஆடி முடித்து நிழலில் உட்கார்ந்துவிடும், அடுத்த அணி புதுக்காலோடு வரும், நடுவர் மட்டும் அதே ஆள். இதில் பெரிய கூத்து, நாளெல்லாம் ஓடியவரிடமே மாலையில் ஃபைனலையும் கொடுப்பது. கப் யாருக்கு என்று முடிவாகிற ஆட்டத்தை அன்றைக்கு மிகவும் களைத்துப்போன ஆள் பார்க்கிறார். கூட ஒரு ஆள் வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும்போதே கேட்டுவிட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு விசில், அடுத்ததுக்கு லைனில் கொடி என்று மாறி மாறிப் பார்த்தால் ஃபைனலுக்கும் கால் மிஞ்சும். ஆளே கிடைக்காது என்றால், ஆட்டத்துக்கு ஆட்டம் இடைவெளியாவது கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஓட்டம். இதில் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். சிலர் முதல் கால் மணி நேரம் பந்து போகிற பக்கமெல்லாம் ஓடித் தீர்த்துவிடுவார்கள். சிலர் காலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நடு வட்டத்திலேயே நின்றுவிடுவார்கள். இரண்டாவதுதான் மோசம் என்பேன். நடு வட்டத்தில் நின்றால் கோலுக்கு முன்னால் இருக்கிற பெனால்டி பகுதி, அதாவது பாக்ஸ், இரண்டு பக்கமுமே தூரம். போதாததற்கு நடுக்கள பாஸ் எல்லாம் உங்கள் காலில் படும். 2019 முதல், நடுவர் மேல் பட்ட பந்து வேறு அணிக்குப் போனாலோ, கோலுக்குள் போனாலோ, அதிலிருந்து நல்ல தாக்குதல் ஒன்று கிளம்பினாலோ ஆட்டத்தை நிறுத்தி டிராப் பால் (நடுவரே பந்தைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) கொடுக்க வேண்டும். நின்று மிச்சம் பிடித்தது வாக்குவாதத்தில் போய்விடும்.

மூலைக்கு மூலை சாய்வாக ஓடும் முறையைப் பரப்பியவர் ஸ்டான்லி ரூஸ். 1930களில் இங்கிலாந்தில் நடுவராக இருந்தவர், பின்னாளில் ஃபிஃபா தலைவரானார். லைனில் இருக்கும் இரண்டு பேர் ஆஃப்சைடு (எதிரணித் தற்காப்பைத் தாண்டி முன்னாலேயே நின்று பந்தை வாங்குவது) பார்ப்பார்கள் என்ற கணக்கில் வந்த முறை அது. நம் ஊரில் லைனில் கொடி பிடிப்பவர் பெரும்பாலும் ஏதாவது ஒரு அணியின் சப்ஸ்டிடியூட். பந்து வெளியே போனதா இல்லையா என்பதற்கு மேல் அவரிடம் எதுவும் எதிர்பார்க்க முடியாது. ஆஃப்சைடையும் நீங்களேதான் பார்க்க வேண்டும் என்பதால், பந்து முன்னேறும்போது நேர் பின்னால் ஓடாமல் கொஞ்சம் ஓரமாக விலகி ஓடுங்கள். பக்கவாட்டுப் பார்வை கிடைத்தால் 20 மீட்டர் தள்ளி இருந்தாலும் தெளிவாகத் தெரியும். நேர் பின்னால் இருந்தால் பக்கத்தில் நின்றும் ஒன்றும் தெரியாது.

சரி, காலை எங்கே மிச்சம் பிடிப்பது? பந்து வெளியே கிடக்கும்போதெல்லாம். கோல் கிக்குக்கு ஓடாதீர்கள், ஆட்டக்காரர்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து போங்கள். தற்காப்புப் பகுதியில் கொடுக்கிற ஃப்ரீ கிக், நடுக்கோட்டுப் பக்கம் த்ரோ, இவற்றுக்கும் நடை போதும். முழு வேகத்தை எதிர்த்தாக்குதலுக்கும் பாக்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். கார்னர் பிடிபட்டுக் கோல்கீப்பர் பந்தைத் தூக்கி வீசும் அந்த ஒரு நொடிக்குத்தான் இத்தனை சேமிப்பும்.

காற்றைக் கணக்கில் எடுக்காதது நம் பக்கத்துக்கே உரிய தவறு. ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று அடித்துக்கொண்டே இருக்கும். பொள்ளாச்சி, உடுமலை பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? மைதானம் கிழக்கு மேற்காக இருந்தால், காற்றோடு அடித்த கோல் கிக் ஒரு குத்துக் குத்தி எதிர் பாக்ஸ் வரை போகும். காற்றை எதிர்த்து அடித்தது மேலே எழும்பி, நடுக்கோட்டைத் தொடாமலே விழும். இது தெரியாமல் இரண்டு பாதியிலும் ஒரே இடத்தில் நிற்பவர் வீணாக முன்னும் பின்னும் ஓடுகிறார். டாஸ் போடும்போதே காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, காற்றோடு அடிக்கிற அணியின் கிக்குக்கு நன்றாகத் தள்ளி நில்லுங்கள்.

களைத்தவரின் விசிலில் இன்னொரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: அவசரமாக ஊதுவது. ஃபவுல் கொடுத்தால் ஆட்டம் நிற்கும், ஆட்டம் நின்றால் மூச்சு விடலாம். மனது தன்னை அறியாமலே இந்த வழியைத் தேடும். அட்வான்டேஜ் கொடுத்து, அதாவது ஃபவுல் ஆனாலும் ஆட்டத்தை ஓடவிட்டு, சில நொடி பொறுத்துப் பார்ப்பதற்கும், பலன் இல்லை என்றால் திரும்பி வந்து ஊதுவதற்கும் விதியிலேயே இடம் இருக்கிறது. அதேபோல, தூரத்தில் நடந்ததைச் சத்தத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் பலமாகக் கத்தினாரோ அவருக்கு ஃப்ரீ கிக் என்று ஆகிவிடும். பார்க்கவில்லையா, ஊதாதீர்கள். குறிப்பாக பெனால்டி.

நினைவை நம்புவதும் ஆபத்து. 2006 உலகக் கோப்பையில் குரோஷியா, ஆஸ்திரேலியா ஆட்டத்தில் கிரகாம் போல் என்ற நடுவர், சிமுனிச் என்ற ஒரே வீரருக்கு மூன்று மஞ்சள் அட்டை காட்டினார். இரண்டாவது மஞ்சளை எதிரணியின் 3ஆம் எண் வீரர் கணக்கில் எழுதிவிட்டார், அதனால் இரண்டு மஞ்சளுக்கு வர வேண்டிய சிவப்பு அப்போது வரவில்லை. உலகின் முன்னணி நடுவர்களில் ஒருவருக்கே ஆட்டம் முடிகிற நேரத்தில் இப்படி. இங்கே எண் இல்லாத ஜெர்சியில் பாதிப் பேர் ஆடுவார்கள். அட்டை காட்டியதும் எழுதுங்கள், எழுதிய பிறகு ஆட்டத்தைத் தொடங்குங்கள். எண், அணி, நிமிடம் மூன்றும் வேண்டும். எண் இல்லை என்றால் ஷூ நிறத்தையாவது குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில் விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். கோடையில் ஈரோடு, கரூர் பக்கம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. தண்ணீர் இடைவெளி 1 நிமிடத்துக்கு மிகாமலும், உடல் குளிர்வதற்கான இடைவெளி ஒன்றரை முதல் 3 நிமிடம் வரையும் போட்டி விதி இருந்தால் கொடுக்கலாம், அந்த நேரத்தைக் கடைசியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டு கேப்டன்களுக்கும் பதில் சொல்லிக்கொண்டே நிற்கிறார் நடுவர், அவர் குடிப்பதே இல்லை. முதலில் குடியுங்கள், அப்புறம் பேசலாம். வெறும் தண்ணீரை மடமடவென்று ஊற்றிக்கொள்வதைவிட உப்புப் போட்ட நீர்மோரோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ சிறு சிறு மிடறாக நல்லது. பாக்கெட் இல்லை என்றால் 1 லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தலைசுற்றல், குமட்டல், வெயிலில் குளிர் எடுப்பது, இவற்றில் எது வந்தாலும் விசிலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நிழலுக்குப் போங்கள். "இன்னும் 10 நிமிஷந்தானுங்க" என்று கூட்டம் சொல்லும், கேட்காதீர்கள். பேச்சு குழறினாலோ, இடம் தெரியாமல் தடுமாறினாலோ உடம்பை நனைத்துக் குளிர வைத்தபடியே 108க்குப் போன் போட வேண்டும்.

வாயைப் பற்றி ஒன்றே ஒன்று. "ஏனுங்க ரெஃப்ரி, கண்ணு தெரியலீங்களா?" என்ற கேள்வி எப்படியும் வரும். புதுக்காலோடு இருக்கும்போது சிரித்துவிட்டுப் போவோம், களைத்திருக்கும்போது அட்டையைத் தேடி கை சட்டைப் பைக்குப் போகும். "பார்த்தனுங்க, ஆடுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மூச்சும் போகும், மரியாதையும் போகும்.

முந்தின நாள் கல்யாண வீட்டு விருந்து, காலையில் வெறும் டீ, முழங்கால் வலிக்கு ஆட்டத்துக்கு முன் ஒரு மாத்திரை: மூன்றும் வேண்டாம். மாத்திரை வலியை மறைக்குமே தவிர முழங்காலைக் காக்காது, வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் கெடுதல். காலையில் நடைப்பயிற்சி போகிறேனே என்பவர்களுக்கு: நடுவர் ஓட்டம் விட்டு விட்டு ஓடுவது. ஃபிஃபா தேர்வில் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று 40 முறை, அதாவது 400 மீட்டர் தடத்தில் 10 சுற்று ஓட வேண்டும். நேரக் கணக்கை விடுங்கள், பள்ளி மைதானத்தில் வாரம் இரண்டு நாள் 12 முறையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஞாயிறு ஆட்டம் இருந்தால் வெள்ளியும் சனியும் மட்டும் ஓட வேண்டாம்.