புது ஹிப் ஹாப், எலக்ட்ரானிக், சோல் பாடல்களைத் தேடிப் பிடிப்பது எப்படி?

நண்பர் ஒருவர் அடிக்கடி ஒரு பாட்டின் லிங்க்கை அனுப்பி, "இதே மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்பார். நான் ஐந்து பாட்டு அனுப்புவேன். ஐந்தும் சலித்ததும் மறுபடி வந்து நிற்பார். போன மாதம் பாட்டு எதுவும் அனுப்பாமல், நான் எப்படித் தேடுகிறேன் என்பதைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினேன். அதையே இங்கே எழுதுகிறேன்.

தேவைப்படுவது: ஒரு ஹெட்போன், பாட்டு கேட்க ஏதாவது ஒரு ஆப், ஒரு நோட்டுப் புத்தகம். ஹெட்போன் இல்லாமல் தொடங்காதீர்கள். இந்த இசையில் பாதி விஷயம் பேஸில்தான், அதாவது அடியில் அதிரும் கனமான ஒலியில்தான் இருக்கிறது, போன் ஸ்பீக்கருக்கு அது எட்டாது.

மூன்று வகையையும் ஏன் ஒரே மூச்சில் சொல்கிறேன் என்றால், மூன்றும் பங்காளிகள். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு பார்ட்டி வைத்தார். ரெகார்டு போட்டது அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உணர்ச்சி ததும்பும் பாட்டு வகை), ஃபங்க் (அதிலிருந்து வந்த ஆட்டத்துக்கான வகை) பாடல்களில் பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் அதிகம் ஆடுகிறது என்பதைக் கவனித்த அவர், அந்த நொடிகளை நீட்டிக்கொண்டே போகும் வித்தையைக் கண்டுபிடித்தார். ஹிப் ஹாப் பிறந்த கதையை அங்கிருந்துதான் தொடங்குவார்கள். 1982இல் ஆஃப்ரிக்கா பம்பாட்டா வெளியிட்ட 'பிளானட் ராக்' பாட்டில், கிராஃப்ட்வெர்க் என்ற ஜெர்மானிய எலக்ட்ரானிக் குழுவின் மெட்டு, 808 என்ற டிரம் மெஷின் (டிரம்ஸ் ஒலி எழுப்பும் மின்கருவி) அடியோடு வரும். ஆக, ஒன்றைப் பிடித்தால் மற்ற இரண்டுக்கும் வழி கிடைத்துவிடும்.

படி 1: ஒரே ஒரு பாட்டை எடுங்கள்

"எனக்கு ஹிப் ஹாப் பிடிக்கும்" என்று தொடங்கினால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். கடல் அது. பிடித்த ஒரு பாட்டை எடுத்து, அதில் எது உங்களை இழுக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். குரலா, டிரம்ஸா, பேஸா, பழைய ரெகார்டின் கரகரப்பா? "நல்லா இருக்கு" என்று எழுதினால் செல்லாது.

நான் நண்பருக்குக் காட்டியது பாடகி எரிகா படுவின் 'டிட்ன்ட் சா நோ'. 2000இல் வந்த 'மாமாஸ் கன்' ஆல்பத்தில் உள்ளது, சோல் வகை. அவர் எழுதிய வரி: "ஒரு மெட்டு மிதந்துகொண்டே சுற்றிச் சுற்றி வருகிறது, அது நிற்கவே கூடாது போல இருக்கிறது."

படி 2: கிரெடிட்ஸைப் படியுங்கள்

மற்ற படிகளையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். பாடியவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போவதால்தான் பலருக்கும் தேடல் அங்கேயே முடிந்துபோகிறது. பாட்டின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் பல ஆப்களில் கிரெடிட்ஸ், அதாவது பாட்டில் வேலை செய்தவர்களின் பட்டியல் வரும். அங்கே இல்லையென்றால் டிஸ்காக்ஸ் தளத்துக்குப் போங்கள். 2000இலிருந்து ரசிகர்களே உட்கார்ந்து தொகுத்துவரும் இசைப் பட்டியல் அது. யார் எதை வாசித்தார்கள், எந்த ஸ்டுடியோ, எந்த லேபிள் (பாட்டை வெளியிடும் நிறுவனம்) என்று ஆல்பத்தின் பின்னட்டையில் இருந்ததெல்லாம் அங்கே இருக்கும்.

இங்கே ஒரு சொல்லில் குழப்பம் வரும். தமிழில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். ஹிப் ஹாப்பில் புரொடியூசர் என்றால் பெரும்பாலும் பீட் (ராப்புக்கு அடியில் ஓடும் இசை) செய்தவர், அதாவது இசையமைப்பாளருக்குப் பக்கத்தில் வருகிற ஆள். ஒரு பாட்டின் ஒலி பிடித்திருந்தால் நீங்கள் தேட வேண்டியது அவரைத்தான்.

எரிகா படு பாட்டின் கிரெடிட்ஸில் புரொடியூசராக டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஜே டில்லா இருக்கிறார். ஆல்பம் பதிவான ஸ்டுடியோக்களில் ஒன்று, நியூயார்க்கின் எலெக்ட்ரிக் லேடி. அந்த ஸ்டுடியோ பெயரை வைத்துத் தேடினால் அதே 2000இல் வந்த சோல் பாடகர் டி'ஆஞ்சலோவின் 'வூடூ', ராப்பர் காமனின் 'லைக் வாட்டர் ஃபார் சாக்லேட்' இரண்டும் கிடைக்கும். மூன்றிலும் டிரம்மர் குவெஸ்ட்லவ், கீபோர்டு வாசிக்கும் ஜேம்ஸ் பாய்சர் என்று திரும்பத் திரும்ப அதே ஆட்கள். ஒரு பாட்டைத் திறந்து பார்த்ததற்கு இரண்டு ஆல்பம் லாபம்.

படி 3: சாம்பிளைப் பிடித்துப் பின்னால் போங்கள்

பழைய ரெகார்டிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் புதுப் பாட்டில் வைப்பதுதான் சாம்பிள். எந்தப் பாட்டில் எந்தத் துண்டு என்பதை ஹூசாம்பிள்ட் தளம் சொல்லும். இரண்டு பாட்டையும் ஒரே பக்கத்தில் வைத்து, எத்தனையாவது நொடியில் வருகிறது என்றும் குறித்திருப்பார்கள்.

நண்பரை இழுத்த அந்த மெட்டு, டரீக்கா ப்ளூ என்ற 70களின் ஜாஸ் குழுவின் 'ட்ரீம்ஃப்ளவர்' பாட்டில் இருந்து வந்தது. அதைப் போட்டதும் அவர் முகம் மாறியது. "இது காப்பி இல்லையா?" என்று கேட்டார். மூலப் பாட்டை முழுக்கக் கேட்கச் சொன்னேன். அங்கே அந்த மெட்டு வருகிறது, ஆனால் பாட்டு அதைத் தாண்டி வேறெங்கோ போய்விடுகிறது. டில்லா அதை மட்டும் நிறுத்திப் பிடித்து, சுற்ற விட்டு, அடியில் டிரம்ஸும் பேஸும் வைத்திருக்கிறார். எங்கே வெட்டினார், எதை விட்டுவிட்டார் என்று கவனிக்கத் தொடங்கினால் காது வேறு மாதிரி வேலை செய்யும்.

இதற்கு ஒரு சின்னப் பயிற்சி. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' பாட்டைப் போடுங்கள். 1969இல் ஒரு ரெகார்டின் மறுபக்கத்தில் வந்த பாட்டு. நடுவில் எல்லா வாத்தியமும் நின்று, கிரிகரி கோல்மன் ஆறேழு நொடி டிரம்ஸ் மட்டும் வாசிப்பார். அப்புறம் ஏதாவது ஒரு ஜங்கிள் அல்லது டிரம் அண்ட் பேஸ் (வேகமான டிரம்ஸ் கொண்ட எலக்ட்ரானிக் வகைகள்) தொகுப்பைப் போடுங்கள். அதே ஆறு நொடி, வேகம் கூட்டி, துண்டு துண்டாக்கி, கலைத்து அடுக்கப்பட்டிருக்கும். லண்டன் எலக்ட்ரானிக் இசையில் ஒரு பெரிய கிளையே அந்த நொடிகளின் மேல் நிற்கிறது. வாசித்தவருக்கு அதிலிருந்து உரிமைத்தொகை என்று எதுவும் போய்ச் சேரவில்லை என்பதையும் சேர்த்தே தெரிந்துகொள்ளுங்கள்.

படி 4: பெயரையும் லேபிளையும் பிடித்து முன்னால் போங்கள்

சரி, ஜே டில்லா. அவருடைய 'டோனட்ஸ்' ஆல்பம் 2006 பிப்ரவரி 7 அன்று வந்தது. அன்று அவருக்குப் பிறந்தநாள், 32 வயது. மூன்றாம் நாள் இறந்துபோனார். 31 துண்டுகள், பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்கும் குறைவு, ராப் பாடல் வரிகள் கிடையாது. முதல் தடவை கேட்கும்போது யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். மூன்றாவது தடவைதான் எனக்குப் பிடிபட்டது.

வெளியிட்ட லேபிள், லாஸ் ஏஞ்சலஸின் ஸ்டோன்ஸ் த்ரோ. நல்ல சின்ன லேபிள் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஒரு காது இருக்கும். அந்தக் காதை நம்பிப் பின்னால் போகலாம். பீட் செய்யும் மேட்லிப்பும் இதே லேபிளில் ஆல்பங்கள் வெளியிட்டிருக்கிறார். அவரும் ராப்பர் எம்எஃப் டூமும் சேர்ந்து செய்த 'மேட்வில்லனி' 2004இல் வந்தது. ராப் கேட்கத் தொடங்குகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

அதே லாஸ் ஏஞ்சலஸில் டில்லாவின் பாதிப்பில் வளர்ந்த இன்னொருவர் ஃப்ளையிங் லோட்டஸ். அவருடைய 2008 ஆல்பத்தை வெளியிட்டது வார்ப், 1989இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் தொடங்கிய லேபிள். வார்ப் பக்கத்தைத் திறந்தால் ஏஃபெக்ஸ் ட்வின், ஆட்டெக்கர், போர்ட்ஸ் ஆஃப் கனடா. அவ்வளவுதான், எலக்ட்ரானிக்குக்கு வந்துவிட்டீர்கள். சோல் பாட்டிலிருந்து கிளம்பி எண்ணி நாலே தாவல்.

கதை இன்னும் சுற்றுகிறது. ஃப்ளையிங் லோட்டஸ் 2008இல் தொடங்கிய பிரெய்ன்ஃபீடர் லேபிளில் தண்டர்கேட் என்ற பேஸ் கலைஞர் இருக்கிறார். ராப்பர் கெண்ட்ரிக் லமாரின் 2015 ஆல்பம் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை'யில் வாசித்தவர். அதற்கு முன்பு, 2008இல், யாருடைய ஆல்பத்தில் வாசித்திருக்கிறார் தெரியுமா? எரிகா படு.

வேறு லேபிள்களும் உண்டு. பழைய, மறந்துபோன சோல் வேண்டுமென்றால் சிகாகோவின் நியூமெரோ குரூப். இன்றைக்குப் பதிவு செய்தும் 60களின் ஒலி தரும் சோல் என்றால் புரூக்ளினின் டாப்டோன், அங்கே ஷரன் ஜோன்ஸிடமிருந்து தொடங்குங்கள். இருட்டான எலக்ட்ரானிக் என்றால் லண்டனின் ஹைப்பர்டப், அதில் பரியல் என்ற கலைஞர்.

படி 5: ஆள் உட்கார்ந்து போடும் பாட்டைக் கேளுங்கள்

இணைய வானொலிகளைச் சொல்கிறேன். லண்டனில் 2011இல் தொடங்கிய என்டிஎஸ், லாஸ் ஏஞ்சலஸில் 1999 முதல் இருக்கும் டப்லேப் இரண்டும் போதும். ஒரு டிஜே இரண்டு மணி நேரம் போடுவதில் இருபது பாட்டு பிடிக்காமல் போகலாம். இரண்டு பிடித்தால் அது நல்ல நிகழ்ச்சி. என்டிஎஸ்ஸில் பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பாட்டுப் பட்டியல் இருக்கும். பட்டியல் இல்லாத மிக்ஸில் (டிஜே பாட்டுகளை இடைவிடாமல் கோத்துப் போடுவது), பாட்டை அடையாளம் சொல்லும் ஷசாம் ஆப் பல நேரம் கைவிடும், டிஜே வேகத்தை மாற்றியிருந்தால் அதற்கு அடையாளம் தெரியாது. அப்போது நிமிடத்தைக் குறித்து வையுங்கள்.

படி 6: ஆப்பின் பரிந்துரை

வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதன் கையில் பிடியைக் கொடுக்காதீர்கள். எல்லோருக்கும் தெரிந்த ஹிட் பாட்டிலிருந்து ஆப்பின் 'ரேடியோ'வை (ஒரு பாட்டை வைத்து அதே மாதிரி பாட்டுகளைத் தானே போடும் வசதி) தொடங்கினால் இன்னும் பத்து ஹிட்தான் வரும். மேலே சொன்னபடி தேடிப் பிடித்த, அதிகம் பேர் கேட்காத பாட்டிலிருந்து தொடங்குங்கள். உங்கள் கணக்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். அக்கா மகள் ஒரு வாரம் என் போனில் குழந்தைப் பாட்டு கேட்டாள். இரண்டு மாதம் எனக்கு டெக்னோவுக்கு நடுவே வாத்து பாடிக்கொண்டிருந்தது.

படி 7: வாங்கியவர்களின் அலமாரியைப் பாருங்கள்

கலைஞர்களிடமிருந்தே பாட்டு வாங்கும் தளமான பேண்ட்கேம்ப்பில் ஓர் ஆல்பத்தைத் திறந்தால், வாங்கியவர்களின் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தொட்டால் அந்த ஆள் வாங்கிய எல்லாமே தெரியும். பல்லாயிரம் பேர் வாங்கிய ஆல்பத்தில் இது பயன்படாது. முப்பது, நாற்பது பேர் மட்டும் வாங்கிய, உங்களுக்கும் ரொம்பப் பிடித்த ஆல்பமாக எடுங்கள். அதை வாங்கிய முன்பின் தெரியாத ஒருவரின் ரசனை உங்களுடையதை ஒத்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இன்னொன்று, அங்கே ஊர்ப் பெயரையும் இசை வகையையும் சேர்த்துத் தேடலாம். டெட்ராய்ட் ஹவுஸ் என்று போட்டுப் பாருங்கள், ஹவுஸ் என்பது எலக்ட்ரானிக் ஆட்ட இசை.

படி 8: நோட்டு

நானூறு பாட்டைச் சேமித்து வைத்துவிட்டு ஒன்றின் பெயரும் நினைவில்லாமல் நின்றிருக்கிறேன். இப்போது வாரத்துக்கு மூன்று ஆல்பம்தான், ஒவ்வொன்றையும் குறைந்தது இரண்டு தடவை முழுதாக. நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்:

"டோனட்ஸ். ஜே டில்லா. ஸ்டோன்ஸ் த்ரோ, 2006. வந்த வழி: எரிகா படு கிரெடிட்ஸ். டிரம்ஸ் அரை மூச்சு தள்ளி விழுகிறது. அடுத்து: மேட்லிப்."

'வந்த வழி'யைக் கட்டாயம் எழுதுங்கள். எந்த டிஜே, எந்த லேபிள், எந்த ஆளின் அலமாரி உங்களுக்கு ஒத்துவருகிறது என்பது பத்துப் பதிவிலேயே தெரிந்துவிடும். கண்டுபிடிக்க முடியாத பாட்டுக்குக் கேள்விக்குறி போட்டு வையுங்கள். என் நோட்டில் இப்போது பதினொரு கேள்விக்குறி இருக்கிறது. பழையது ஒரு மிக்ஸின் 41ஆவது நிமிடம்: பெண் குரல், ஆர்கன், டிரம்ஸே கிடையாது, பாட்டு முடியும் முன்பே டிஜே அடுத்ததற்குத் தாவிவிடுகிறார்.