கிரீட்டிலிருந்து லண்டன் குளிருக்கு: கடைசி மூன்று நாளும் முதல் இரவும்

நவம்பர் கடைசியில்கூட கிரீட் தீவின் ஹானியாவில் வெயிலடித்தால் சட்டைக் கையை மடித்துவிட்டுத் துறைமுகத்தோரம் காப்பி குடிக்கலாம். அதே நாள் லண்டனில் நாலு மணிக்கே இருட்டிவிடும். இந்த இரண்டு ஊருக்கும் நடுவே எது கெட்டாலும் பெரும்பாலும் காரணம் ஈரம்தான்: பெட்டிக்குள் காயாத துணி, பூட்டிக் கிடந்த வீட்டில் பூஞ்சை, உறைந்துபோன குழாய். அதனால் தீவில் தங்கிவிட்டு லண்டன் வீட்டுக்குத் திரும்புவோர், கிளம்பும் வேலையை மூன்று நாள் முன்பே தொடங்கிவிடுங்கள்.

முதலில் பயணம். சுற்றுலா சீசன் முடிந்ததும் தீவிலிருந்து நேரடி விமானங்கள் மிகவும் குறைந்துவிடும்; ஏதென்ஸ் மாறித்தான் போகவேண்டியிருக்கும். இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்து முதல் விமானம் தாமதமானால், இரண்டாவதைத் தவறவிட்ட நஷ்டம் உங்களுடையது. கப்பலில் போவதானால் ஹானியாவை அடுத்த சூடா துறைமுகத்தில் இரவு ஏறி, ஏறக்குறைய 9 மணி நேரத்தில் ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸ் சேரலாம். அங்கிருந்து மெட்ரோ 3ஆம் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் விமான நிலையத்துக்கே போகலாம்; ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆனால் குளிர்காலக் கடலை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். காற்றின் வேகம் பியூஃபோர்ட் அளவையில் 8ஐ எட்டினால் பொதுவாகக் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஏதென்ஸில் ஓர் இரவு தங்குவதுபோல் திட்டமிடுவதுதான் சரி.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கக்கூடாது என்ற கணக்கை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நுழைந்த நாள், வெளியேறும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

அடுத்தது துணி. தீவில் வாடகைக்கு விடும் வீடுகளில் பல கோடைக்காகக் கட்டியவை. கல்தரை, ஒரே ஒரு ஏசி, சூடேறாத சுவர். மழை நாளில் கொடியில் போட்ட ஜீன்ஸ் காய இரண்டு நாள் ஆகும். ஆகவே கடைசித் துவைப்பு புறப்பாட்டுக்கு மூன்று நாள் முன்னால் முடிந்திருக்க வேண்டும். தெற்குக் காற்று வீசி வானம் மஞ்சளடித்தால் அன்று துணியை வெளியே போடாதீர்கள். சஹாராவின் செம்புழுதி படிந்து மறுபடி துவைக்க நேரும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். இடுப்புப் பட்டியையும் பைத்துணியையும் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

நவம்பரில் அங்கே புது ஆலிவ் எண்ணெய் ஆட்டும் காலம். கொண்டுவராமல் விட மனசு வராது, விடவும் வேண்டாம். 5 லிட்டர் டின் ஒன்று தகரத்தோடு சேர்த்து 5 கிலோவை ஒட்டி வரும். 23 கிலோப் பெட்டியில் அதற்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். ஆலையில் மூடி முத்திரையிட்ட டின்னையே வாங்குங்கள். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, தடித்த பை இரண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுத் தனித்தனியே கட்டி, பெட்டியின் நடுவில் துண்டுகளுக்கிடையே வையுங்கள். ஓரத்தில் வைத்தால் ஒரே இடியில் தகரம் நசுங்கி, மடிப்பு வழியே கசியும்.

அக்கம்பக்கத்தார் தண்ணீர் பாட்டிலில் ஊற்றித் தரும் ராக்கி என்ற உள்ளூர்ச் சாராயத்தை விமானத்தில் ஏற்ற முடியாது. கடையில் விற்கும் அடைப்போடு இருக்கும் புட்டிதான் பெட்டியில் செல்லும். பாலாடைக் கட்டியும் வேண்டாம்: 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பால் பொருட்களையும், ஆடு, மாடு, பன்றி இறைச்சியையும் பிரிட்டனுக்குள் தனிப்பட்ட முறையில் கொண்டுவரத் தடை இருக்கிறது.

குளிர் கோட்டு, தொப்பி, தடித்த காலுறை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்து சேராத இரவில்தான் அவற்றின் அருமை தெரியும். வாடகை வீட்டைப் பூட்டும்போது தண்ணீர் சூடாக்கும் மின்சுவிட்சை அணைத்து, பால்கனி வடிகாலில் அடைத்திருக்கும் இலைகளை எடுத்துவிடுங்கள்.

இனி லண்டன் வீடு. நீங்கள் இல்லாத நாட்களிலும் ஹீட்டிங் 12 முதல் 15 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். போனிலிருந்து கட்டுப்படுத்தும் வசதி இருந்தால், வந்து சேர ஒரு நாள் முன்பே 18க்கு ஏற்றுங்கள். செங்கல் சுவர் ஒரு மணி நேரத்தில் சூடாகாது. உள்ளே நுழைந்ததும் 25க்குத் திருப்பினால் வேகமாகச் சூடேறும் என்பது தவறான நம்பிக்கை. அதே வேகத்தில்தான் ஏறும், தேவைக்கு மேல் ஏறும்.

பாய்லர் எரியவில்லையா? முதலில் அழுத்தமானியைப் பாருங்கள். முள் 1 பாருக்குக் கீழே இருந்தால், நிரப்பும் வால்வுகளைத் திறந்து 1க்கும் 1.5க்கும் நடுவே கொண்டுவந்து, இறுக மூடுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் உள்ளே களக் களக் என்று சத்தம் வந்தால், பாய்லரிலிருந்து சுவருக்கு வெளியே போகும் பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரைக் குழாய் நெடுக இரண்டு மூன்று முறை ஊற்றி, பிறகு ரீசெட் பொத்தானை அழுத்துங்கள். கொதிநீர் ஊற்றினால் குழாய் வெடிக்கலாம். வீட்டுக் குழாயில் தண்ணீரே வரவில்லை என்றால் அது உள்ளே உறைந்திருக்கலாம்; முதலில் பிரதான வால்வை மூடுங்கள். பனிக்கட்டி உருகும்போதுதான் விரிசல் தெரியவரும். அப்போது தண்ணீர் கூரையிலிருந்து கொட்டக்கூடாது.

ஒரு வாரத்துக்கு மேல் நின்ற தண்ணீரில், நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா கிருமி வளரலாம். குளிப்பதற்கு முன் எல்லாக் குழாய்களையும், சூடு, குளிர் இரண்டையும், சில நிமிடங்கள் ஓடவிடுங்கள். ஷவர் தலையைக் கழற்றிவிட்டோ, வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தியோ ஓடவிட்டால் சாரலை மூச்சில் இழுக்க நேராது.

பெட்டியை அன்றிரவே திறந்துவிடுங்கள். ஈரத் துணியை மூடிய அறையில் ரேடியேட்டர் மேல் போட்டால் அந்த நீர் அத்தனையும் ஜன்னலிலும் மூலைச் சுவரிலும் படிந்து கருப்புப் பூஞ்சையாகிவிடும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து, கதவைச் சாத்திக் காயவையுங்கள்.

வைட்டமின் டி மாத்திரையை மறுநாளே தொடங்குங்கள். குளிர்காலத்தில் நாளுக்கு 10 மைக்ரோகிராம் என்பது பிரிட்டிஷ் பொதுச் சுகாதாரப் பரிந்துரை. நம் தோல் நிறத்தவர்கள் ஆண்டு முழுதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள்.

எண்ணெய் டின்னைத் திறந்தால் உள்ளே வெண்ணெய்போல் கட்டிகள் மிதக்கலாம். குளிரில் உறைந்ததுதான், கெட்டுப்போகவில்லை. அடுப்பில் வைக்காமல் சமையலறை மூலையில் ஒரு நாள் விடுங்கள், கரைந்துவிடும். வடிகட்டாத எண்ணெயானால் கலங்கலாகவேதான் இருக்கும். மேலாக இறுத்துக் கருப்பு பாட்டில்களில் ஊற்றி, அடிமண்டியை முதல் வாரமே சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.