ஹோம் மேட்ச் வேற ஊருக்குப் போகுதா? வாதத்துக்கு முன்னால் போட வேண்டிய கணக்கு

வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டு ஓரத்திலோ காசிமேடு டீக்கடையிலோ "நம்ம ஃபுட்பால் டீம் அடுத்த சீசன் இங்க ஆடாதாம்" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும், பத்து நிமிடத்தில் இரண்டு கட்சி பிரிந்துவிடும். "நஷ்டத்துல ஓடுது, போய்த்தான் ஆவணும்" என்பது ஒரு கட்சி. "ஓனருக்கு இல்லாத துட்டா?" என்பது இன்னொன்று. இரண்டு கட்சியுமே பெரும்பாலும் ஒரு காகிதத்தைக்கூடப் பார்த்திருக்காது. அந்தக் காகிதங்களை எங்கே வாங்குவது, எந்த வரியைப் படிப்பது, அதை வைத்து எப்படிப் பேசுவது என்பதுதான் இங்கே.

முதலில், நடக்கப்போவது எந்த வகை மாற்றம் என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மைதானம் வேறு நிகழ்ச்சிக்குப் போய்விட்டதால் ஓரிரு ஆட்டம் வெளியூரில் நடப்பது ஒரு வகை. பெரியமேடு நேரு ஸ்டேடியம் தடகள ஓடுபாதையோடு கூடிய அரசு மைதானம். 2024 செப்டம்பரில் தெற்காசிய ஜூனியர் தடகளப் போட்டி அங்கேதான் நடந்தது. இப்படித் தேதி மோதுவதற்கும் கிளப்பின் கடனுக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு சீசன் முழுக்க வேறு ஊர் மைதானத்தில் ஆடுவது இரண்டாவது வகை. பெயரும் ஊரும் சேர்ந்தே மாறுவது மூன்றாவது. இந்தியாவில் இது கற்பனை இல்லை. 2019-ல் டெல்லி டைனமோஸ் புவனேஸ்வரம் போய் ஒடிஷா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே அணி மூடப்பட்டு அந்த இடத்துக்கு ஹைதராபாத் எஃப்சி வந்தது. அந்த ஹைதராபாத்தும் 2025-ல் டெல்லிக்குப் போய்விட்டது. மூன்றிலும் அந்தந்த ஊர் ரசிகன் கையில் பழைய சட்டை மட்டும்தான் மிஞ்சியது. முதல் வகைக்கு மூன்றாவது வகையின் கோபத்தைக் காட்டினால், நிஜமாகவே மூன்றாவது வகை வரும்போது யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

கிளப்பின் கணக்கை எடுப்பது

நாட்டின் பெரிய கால்பந்து லீக்குகளான ஐஎஸ்எல், ஐ-லீக் இரண்டிலும் ஆடும் கிளப்கள் பெரும்பாலும் பிரைவேட் லிமிடெட் கம்பெனிகள். அதனால் அவற்றின் ஆண்டுக் கணக்கு பொது ஆவணம். நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்சிஏ இணையதளத்தில் கணக்கு ஒன்று தொடங்குங்கள். கிளப்பின் பெயரை அல்ல, அதை நடத்தும் கம்பெனியின் பெயரைத் தேட வேண்டும். டிக்கெட்டின் பின்பக்கத்திலும் கிளப் இணையதளத்தின் விதிமுறைப் பக்கத்திலும் அந்தப் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். கம்பெனியின் 21 இலக்க அடையாள எண்ணான சிஐஎன்-ஐக் குறித்துக்கொள்ளுங்கள். இயக்குநர்கள் யார், எந்த வங்கிக்குச் சொத்து அடமானம் என்ற விவரங்களை இலவசமாகவே பார்க்கலாம். முழு ஆவணங்களுக்கு 'பொது ஆவணங்களைப் பார்' என்ற பகுதியில் ஒரு கம்பெனிக்கு 100 ரூபாய் கட்ட வேண்டும். திறந்ததும் மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். அதனால் உட்கார்ந்து படிக்காதீர்கள். கடைசி நான்கு ஆண்டுகளின் ஏஓசி-4 (கணக்கு), எம்ஜிடி-7 (பங்குதாரர் விவரம்) இரண்டையும் முதலில் இறக்கிவிடுங்கள். பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கணக்கு ஆண்டு மார்ச் 31-ல் முடியும். பொதுக்குழுவுக்கு செப்டம்பர் 30 வரை அவகாசம், அதற்குப் பிறகு ஏஓசி-4 போட 30 நாள். ஆகவே நவம்பரில் உங்கள் கையில் இருக்கும் புதிய கணக்கே ஏழு மாதம் பழையது. ஏப்ரல், மே மாதங்களில் நடந்த ஆட்டங்களின் வரவு அடுத்த ஆண்டுக் கணக்கில் விழும். "போன சீசன் வருமானம்" என்று ஒரே ஆண்டின் எண்ணைக் காட்டுபவரிடம் இதைக் கேளுங்கள்.

எதைப் படிப்பது? தலைப்பில் 'ரூபாய், நூறுகளில்' என்றோ 'ஆயிரங்களில்', 'லட்சங்களில்' என்றோ போட்டிருப்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதைத் தவறவிட்டு 4 கோடியை 4 லட்சம் ஆக்கிச் சண்டை போடுவது அடிக்கடி நடக்கும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண் கழித்தல் எண்.

அடுத்து, நஷ்டமும் கடனும் வேறு வேறு. நஷ்டம் என்பது அந்த ஆண்டில் வரவுக்கு மேல் போன செலவு. கடன் என்பது அந்தப் பள்ளத்தை யார் பணத்தால் மூடினார்கள் என்பது. இந்தியாவில் ஒரு கால்பந்து கிளப் நஷ்டம் காட்டுவது செய்தியே இல்லை. கேட்க வேண்டிய கேள்வி, பள்ளத்தை மூடிய கை யாருடையது என்பதுதான். இருப்புநிலைக் குறிப்பில் 'கடன்கள்' என்ற வரியையும், பின்னால் வரும் 'தொடர்புடைய தரப்பினர்' குறிப்பையும் சேர்த்துப் படியுங்கள். ஓனரே கடன் கொடுத்து அதைப் பங்காக மாற்றிக்கொண்டே வந்தால், அவர் பொறுமை இருக்கும்வரை கிளப் ஓடும். வங்கிக் கடன் ஏறிக்கொண்டே போனால் நெருக்கடிக்கு ஒரு தேதி இருக்கிறது. பங்கு மூலதனமாகப் புதுப்பணம் வருவது நின்றுபோய் 'கொடுக்க வேண்டிய பாக்கி' மட்டும் வளர்ந்தால், அந்தப் பாக்கியை ஒரு வருடத்துக்குள், 1-2, 2-3, மூன்று வருடத்துக்கு மேல் என்று பிரித்துக் காட்டும் அட்டவணைக்குப் போங்கள். இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட கட்டத்தில் எண் வீங்கியிருந்தால், ஹோட்டல்காரருக்கும் பஸ்காரருக்கும் பணம் போகவில்லை என்று அர்த்தம். ஊர் மாறும் பேச்சு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும்.

வீரர் சம்பளம் ஒரு கிளப்பில் 'பணியாளர் செலவு' என்று வரும், இன்னொன்றில் 'தொழில்முறைக் கட்டணம்' என்று வரும். குறிப்புகளைப் பார்க்காமல் "சம்பளத்துக்கே செலவு பண்ணல" என்று சொல்லிவிடாதீர்கள். கடைசியாக, தணிக்கையாளர் அறிக்கையில் 'நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்பதில் நிச்சயமின்மை' என்ற பொருளில் தனிப் பத்தி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மற்ற எல்லா எண்களையும் விட அது முக்கியம். வீரர்களுக்குப் பாக்கி வைத்ததால் ஃபிஃபா பதிவுத் தடை (புது வீரர்களைப் பதிவு செய்ய முடியாத தடை) போட்டிருக்கிறதா என்பதை ஃபிஃபாவே வெளியிடும் பட்டியலில் பார்த்துவிடலாம்.

முல்லை நகர், புளியந்தோப்பு போன்ற பேட்டை கிளப்கள் கம்பெனி இல்லை. பதிவு செய்தவை என்றால் 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் இருக்கும். அவற்றின் கணக்கைச் சங்கப் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டு நகல் வாங்கலாம்.

மைதான வாடகைக்கு ஆர்டிஐ

கிளப் தனியார், ஆகவே அதற்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போட முடியாது. ஆனால் நேரு ஸ்டேடியம் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருக்கிறது, அது பொது அதிகார அமைப்பு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். "ஏன் வாடகை இவ்வளவு?" என்று கேட்டால் பதில் வராது, காரணம் சொல்வது அவர் வேலை இல்லை. ஆவணத்தைக் கேளுங்கள்:

1. கடந்த மூன்று நிதியாண்டுகளில் கால்பந்து ஆட்டங்களுக்காக மைதானம் வாடகைக்கு விடப்பட்ட தேதிகளும், தேதிவாரியாகப் பெற்ற தொகையும்.
2. நடப்பில் உள்ள ஒப்பந்தத்தின் நகல், குறிப்பாக எத்தனை ஆண்டுக்கு, யார் எத்தனை நாள் முன்னறிவிப்பில் ரத்து செய்யலாம் என்ற பிரிவுகள்.
3. நிலுவைத் தொகை ஏதேனும் இருந்தால் அதன் விவரம்.
4. அடுத்த சீசன் மாதங்களில் மற்ற நிகழ்ச்சிகளுக்கு ஏற்கெனவே ஒதுக்கிய தேதிகள்.

பதிலுக்கு 30 நாள் அவகாசம். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்பார்கள். 'வணிக ரகசியம்' என்று 8(1)(d) பிரிவைக் காட்டி இரண்டாவது கேள்வியை மறுக்க வாய்ப்பு உண்டு. ஆகவே நான்கையும் தனித்தனி எண் போட்டு எழுதுங்கள், ஒன்றை மறுத்தாலும் மற்ற மூன்று வரும். மறுத்தால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் பலன் இல்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம்.

இரண்டாவது கேள்வியை ஏன் விடக்கூடாது என்பதற்கு இங்கிலாந்தின் கவென்ட்ரி சிட்டி சாட்சி. மைதானம் கிளப்புக்குச் சொந்தமில்லை. வாடகைத் தகராறில் 2013-ல் நார்தாம்ப்டன் போனார்கள், 2014-ல் திரும்பினார்கள். ஒப்பந்தம் கைகூடாமல் 2019-ல் மறுபடி பர்மிங்காமுக்குப் போய் 2021-ல்தான் வந்தார்கள். நார்தாம்ப்டனில் பல ரசிகர்கள் டிக்கெட் வாங்க மறுத்து மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்று பார்த்தார்கள். திரும்பி வந்த சந்தோஷத்தில் ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு என்று கேட்காமல் விட்டால் அதே வலி இரண்டாம் முறையும் வரும்.

ஒரு ஆட்டத்தின் கணக்கு

ஒரு ஹோம் மேட்ச்சின் நிலையான செலவு: வாடகை, ஃப்ளட்லைட் மின்சாரமும் ஜெனரேட்டர் டீசலும், போலீஸ் பந்தோபஸ்துக் கட்டணம், தனியார் செக்யூரிட்டி, ஆம்புலன்ஸ், துப்புரவு, தண்ணீர், புல்தரைப் பராமரிப்பு. மூவாயிரம் பேர் வந்தாலும் முப்பதாயிரம் பேர் வந்தாலும் இதில் பெரும்பகுதி மாறாது. வரவில் டிக்கெட்டின் முழு விலையைப் போடாதீர்கள். வரி, விற்பனைத் தளத்தின் கமிஷன் போக கிளப் கைக்கு வருவதை மட்டும் போடுங்கள். இலவச பாஸில் வந்தவர்களைக் கூட்டத்தில் சேர்க்கலாம், வரவில் சேர்க்கக் கூடாது.

வழியைக் காட்டுவதற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். இங்கே ஒரு ஆட்டத்துக்கு 12 லட்சம் செலவு, ஒரு டிக்கெட்டில் கைக்கு 150 ரூபாய் என்றால், கைக்காசு போகாமல் இருக்க 8,000 பேர் வேண்டும். வேற ஊர் மைதானத்துக்கு 7 லட்சம்தான் ஆகிறது என்கிறார்கள். கேட்க மலிவு. ஆனால் அணி அங்கேயே குடியேறாமல் ஒவ்வொரு முறையும் போய்வந்தால், 30 பேருக்குப் பயணமும் இரண்டு இரவு தங்கலும் தலைக்கு 12,000 என்று 3.6 லட்சம் சேரும். மொத்தம் 10.6 லட்சம். புது ஊரில் கூட்டம் சேர்க்க டிக்கெட் விலையைக் குறைத்து, கைக்கு 100 ரூபாய் வந்தால், 10,600 பேர் தேவை. செலவு குறைந்தது, ஆனால் தேவைப்படும் கூட்டத்தின் எண்ணிக்கை அதிகமாகிவிட்டது. ஆர்டிஐ பதிலில் வரும் உண்மையான வாடகையை வைத்து இதே கணக்கைத் திரும்பப் போடுங்கள். மாற்றம் லாபம் என்று வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சென்னை சிட்டி எஃப்சி சென்னை என்ற பெயரை வைத்துக்கொண்டே கோவையில் ஆடி, 2019 மார்ச் 9 அன்று அங்கேயே 2018-19 ஐ-லீக் கோப்பையை வென்றது. வெளியூர் என்றாலே தோல்வி என்று சொன்னால் யாராவது இதைத் தூக்கிப் போடுவார்கள், சரியாகத்தான் போடுவார்கள்.

கிளப் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது, அதை நாம்தான் போட வேண்டும். வியாசர்பாடி ஜீவாவில் மின்சார ரயில் ஏறினால் பேசின் பிரிட்ஜ், அடுத்து சென்ட்ரல், அங்கிருந்து பெரியமேட்டுக்கு நடை. திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. ஏழரை மணி ஆட்டம் முடிந்து பத்தரைக்கு வீட்டில் சாப்பிடலாம். கோவை என்றால் சுமார் 500 கிலோமீட்டர், போக ஒரு இரவு, வர ஒரு இரவு. ஹார்பரில் கன்டெய்னர் வேலை பார்ப்பவருக்கும் காசிமேட்டில் விடியற்காலை மீன் இறக்குபவருக்கும் ஒன்றோ இரண்டோ நாள் கூலி போகும். ரயில் கட்டணம், சாப்பாடு, போன கூலி மூன்றையும் கூட்டி, ஒரு சீசனின் ஹோம் மேட்ச் எண்ணிக்கையால் பெருக்கி, உங்கள் குழுவில் இருபது பேரிடம் "இதில் எத்தனை ஆட்டத்துக்கு உன்னால வர முடியும்?" என்று கேட்டு எழுதுங்கள். "நாங்க எங்க வேணா வருவோம்" என்று கத்துவதை விட இந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம். வியாசர்பாடியிலிருந்து போன தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சி சட்டையில் ஆடியதை நேரில் பார்த்த பையன்கள் இந்தப் பேட்டையில் இருக்கிறார்கள். அடுத்த பையன் அதை டிவியில் மட்டும் பார்ப்பதன் விலை எந்த இருப்புநிலைக் குறிப்பிலும் வராது. அதனால் அதை வாயால் சொல்லியே ஆக வேண்டும்.

கூட்டமும் கடிதமும்

கூட்டம் போட்டால் ஒரு சார்ட்டில் மூன்று கட்டம் வரையுங்கள்: ஆவணத்தில் இருப்பது, கேள்விப்பட்டது, கேட்க வேண்டியது. யார் எதைச் சொன்னாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் எழுதுங்கள். "ஓனர் டீமை விக்கப் போறாராம்" இரண்டாவது கட்டத்துக்குப் போகும், அதற்கான ஆவணம் வரும்வரை அங்கேயே இருக்கும். போகலாம் என்று நினைப்பவர்களை முதலில் பேசவிடுங்கள். எண்ணிக்கையில் குறைந்தவர்கள் கடைசியில் பேசினால் அவர்கள் குரல் எடுபடாது.

கடிதம் ஒரே பக்கம் இருக்கட்டும். ஐந்து கேள்விக்கு மேல் வேண்டாம்: எத்தனை ஆட்டம், எவ்வளவு காலம், திரும்பும் தேதி எழுத்தில் உண்டா, சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்புமா, பேட்டைப் பையன்களுக்கான பயிற்சி இங்கேயே தொடருமா. பதிலுக்கு 14 நாள் கேளுங்கள். ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், நகல் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்கும் போகட்டும்.

பதில் இல்லை என்றால் ஆர்ப்பாட்டம். சென்னையில் அதற்குக் காவல்துறை அனுமதி வேண்டும். ஐந்து நாள் முன்னதாகவே மனு கொடுத்துவிட வேண்டும். ஆனால் லண்டனின் சார்ல்டன் ரசிகர்கள் செய்ததையும் யோசித்துப் பாருங்கள். 1985-ல் கிளப் 'வேலி' மைதானத்தை விட்டுப் போனது. திரும்பும் திட்டத்துக்கு உள்ளாட்சி மன்றம் அனுமதி மறுத்ததும் ரசிகர்கள் 1990 உள்ளாட்சித் தேர்தலில் தனிக் கட்சியாக நின்று 14,838 ஓட்டு வாங்கினார்கள். 1992 டிசம்பரில் அணி வீடு திரும்பியது. தடையாக இருந்தது கிளப் அல்ல, உள்ளாட்சி மன்றம். அவர்கள் போய் நின்றதும் சரியான வாசலில். நம் விஷயத்தில் தடை வாடகையா, தேதியா, ஓனரின் கடனா என்பதைப் பொறுத்து நாம் நிற்க வேண்டிய வாசல் ஆணையமா கிளப் அலுவலகமா என்பது மாறும். மனுவில் இடத்தை நிரப்புவதற்கு முன் சார்ட்டின் முதல் கட்டத்தை இன்னொரு முறை பாருங்கள்.