வெளிநாட்டில் எங்கே குடியேறலாம்? சம்பளத்தைக் கடைசியாகப் பாருங்கள்

மாதத்துக்கு ஒருத்தராவது என்னிடம் இதைக் கேட்டு வருகிறார்கள். தண்டையார்பேட்டை டீக்கடையில் நிற்கும்போது கேட்பார்கள், இல்லை ராத்திரி பதினோரு மணிக்கு ஆஃபர் லெட்டரை வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டு "அண்ணே, போலாமா?" என்பார்கள். ஷார்ஜாவில் ஏழு வருஷம், சிங்கப்பூரில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவன், அதனால் இவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நினைப்பு. எல்லாம் தெரியாது. ஆனால் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் முதலில் சம்பளத்தைச் சொல்கிறார்கள், அதையும் ரூபாயில் பெருக்கிச் சொல்கிறார்கள். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். வேலை போய்விட்டால் அந்த ஊரில் எத்தனை நாள் இருக்கலாம்?

சிங்கப்பூரில் எம்ப்ளாய்மென்ட் பாஸை, அதாவது படித்த வேலைக்காரர்களுக்கான வேலை அனுமதியை, ரத்து செய்தால் பொதுவாக 30 நாள். அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசா என்றால் 60 நாள் வரை. கனடாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிஆர், அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை, வாங்கிவிட்டால் வேலை போவது உங்கள் கஷ்டம்தான், ஆனால் பெட்டி கட்டச் சொல்லி யாரும் நிற்க மாட்டார்கள். ஆக, நாட்டின் பெயரை விடுங்கள், விசா முதலாளி கையில் இருக்கிறதா உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். துபாய் பக்கம் வருமான வரி இல்லை, நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம், சம்பாதிக்க நல்ல இடம். 10 வருஷ கோல்டன் விசாகூட இருக்கிறது. ஆனால் நம்மைப் போன்றவர்களுக்குக் குடியுரிமை என்ற பேச்சே கிட்டத்தட்ட இல்லை. சம்பாதிக்கிற இடம் வேறு, தங்குகிற இடம் வேறு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஷார்ஜாவில் நான் இருந்த கம்பெனி ஒரு பிப்ரவரி மாதம், வியாழக்கிழமை மதியம் கூப்பிட்டுக் கணக்கை முடித்துவிட்டது. அப்போது 30 நாள்தான் கெடு. மகளுக்கு முழுப்பரீட்சை நெருங்குகிறது, அவள் உள்ளே உட்கார்ந்து படிக்கிறாள், நான் வாசலில் வாஷிங் மெஷினை 150 திர்ஹாமுக்கு விற்றுக்கொண்டிருக்கிறேன், வாங்க வந்தவர் கேஸ் சிலிண்டரையும் சேர்த்துக் கொடுங்கள் என்று பேரம் பேசுகிறார். கொடுத்துவிட்டேன்.

பிஆர் இருந்தால் மட்டும் நிம்மதியா என்றால், எங்கள் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். வியாசர்பாடியில் எத்தனையோ குடும்பம் பர்மாவிலிருந்து வந்தது. கடை, வீடு, நிலம் என்று வேரூன்றி இருந்தவர்கள். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, 1964இல் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள், கடைசியில் கப்பலேறி மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். பீச் ஸ்டேஷன் எதிரே நின்று அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, அது அவர்கள் கொண்டுவந்ததுதான். அதனால், போகிற நாட்டில் நம்மைப் பற்றிய சட்டம் எத்தனை அடிக்கடி மாறுகிறது, எத்தனை வருஷத்தில் குடியுரிமை கேட்கலாம் என்று பாருங்கள். கனடாவில் பிஆர் வாங்கியவர்கள் ஐந்து வருஷத்தில் 1,095 நாள் அங்கே இருந்திருந்தால் கேட்கலாம். ஜெர்மனியில் 5 வருஷம். இந்தியா இரட்டைக் குடியுரிமை தராது, அந்தப் பாஸ்போர்ட் வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு ஓசிஐ அட்டைதான், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினர் இங்கே வந்துபோக, தங்கத் தருவது அது. ஓசிஐ இருந்தால் இங்கே ஓட்டு இல்லை, விவசாய நிலமும் வாங்க முடியாது. செங்குன்றம் தாண்டி நிலம் வாங்கிப் போட நினைப்பவர்கள் இதை முதலிலேயே யோசிக்கவும்.

அடுத்தது குடும்பம். சிங்கப்பூரில் கூலி வேலைக்கான வொர்க் பெர்மிட் என்றால் மனைவி பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது. மேலே உள்ள பாஸ்களில்கூட மாதச் சம்பளம் 6,000 சிங்கப்பூர் டாலர் இருந்தால்தான் மனைவி பிள்ளைகள், 12,000 இருந்தால்தான் அப்பா அம்மா. தமிழ் அங்கே ஆட்சிமொழி, பிள்ளை பள்ளியில் தமிழ் படிக்கும், அதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் உங்களோடு சேர்ந்து பிஆர் வாங்கும் மகனுக்கு இரண்டு வருஷம் தேசிய சேவை, அதாவது ராணுவம், போலீஸ் போன்ற கட்டாயப் பணி, உண்டு என்பதை ஏஜென்ட் சொல்ல மாட்டார். அமெரிக்காவில் நம்மவர்களின் கிரீன் கார்டு வரிசை நகர்வதற்குள் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் அது அப்பா அம்மா விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்குப் பெற்றோரை நிரந்தரமாக அழைக்க, அவர்களுடைய பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. கனடாவில் பெற்றோருக்கு சூப்பர் விசா இருக்கிறது, ஒரு தடவை வந்தால் 5 வருஷம் வரை தங்கலாம், எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

தூரத்தையும் பாருங்கள். டொராண்டோவிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் கிடையாது. என் மாமனார் இறந்தபோது மச்சான் அங்கிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆனது, அதுவரை கூடத்தில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது, கரண்ட் போய்விடுமோ என்று பக்கத்து வீட்டுப் பையன் ஜெனரேட்டருக்குச் சொல்லி வைத்தான். மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுக்கும்போது மூன்றாம் நாள்.

சரி, நாடு முடிவாகிவிட்டதா? இனி ஊர். கோடை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு "சூப்பரா இருக்குண்ணே" என்று வராதீர்கள். குளிர் நாடு என்றால் ஜனவரியில் இரண்டு வாரம் போங்கள், ஹோட்டலை விட்டுவிட்டு யார் வீட்டிலாவது தங்குங்கள், காலை ஆறரை மணி பஸ்ஸில் வேலை இருக்கிற பக்கம் போய்ப் பாருங்கள். வாடகை போய்ச் சம்பளத்தில் என்ன மிஞ்சுகிறது என்று அந்த ஊர்க் காசிலேயே கணக்குப் போடுங்கள். ஜெர்மனியில் வீட்டு முகவரியைப் பதிவு செய்யாமல் அடுத்த வேலை எதுவும் நகராது, அதனால் பதிவு செய்ய ஒத்துக்கொள்ளும் வீடாகப் பார்க்க வேண்டும், வீடு கிடைப்பதே அங்கே தனிப் போராட்டம்.

வெல்டர், ஃபிட்டர், டிரைவர் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாவது தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் இசிஆர், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போகுமுன் அரசு சரிபார்க்க வேண்டும் என்ற குறிப்பு, இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். இமைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் ஏஜென்ட் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். இரண்டு லட்சம் கேட்பவரும், "டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாத்திக்கலாம்" என்பவரும் ஒரே ஆள்தான். அப்புறம், கிளம்பியதும் இங்கே உள்ள சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக, அதாவது வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்காக, மாற்றச் சொல்லி வங்கியில் கேளுங்கள், பலரும் மறக்கிறார்கள்.

பெரம்பூரில் என் அக்கா மகனுக்கு இரண்டு இடத்திலிருந்து வேலை வந்தது. சிங்கப்பூரில் சம்பளம் கூட, ஜெர்மனியில் ப்ளூ கார்டு, படித்தவர்களுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி. ப்ளூ கார்டில் ஜெர்மன் மொழியில் பி1 என்ற நடுத்தர நிலை தேறினால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு, ஏ1 என்ற ஆரம்ப நிலை மட்டும் என்றால் 27 மாதம். மூன்று வாரம் குழம்பினான். "மாமா, ஆறு மாசம் ஆகுமாம் பி1 முடிக்க" என்றான். ஆகட்டும் என்றேன். இப்போது சனிக்கிழமையானால் ஜெர்மன் படிக்க நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனுக்குப் போகிறான். அக்கா மட்டும் இன்னும் சிங்கப்பூர்ச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிக்கொண்டிருக்கிறாள்.